கோடிக்கரையில் ஒரு காலைப் பொழுது

விடியற்காலை நாலரை மணிக்கே அத்தை குளித்து முடித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, லாட்ஜ் அறை வாசலில் தயாராக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பிரம்புக் கூடை. அதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். இரண்டு சீப்பு வாழைப்பழம், ஒரு பை பொரிகடலை, வாழையிலையில் மடித்துக் கட்டிய புளிச்சாதம். பசங்களுக்கு இல்லை, எங்களுக்கும் இல்லை. எல்லாம் குரங்குகளுக்கு!

என் மாமனார் இருந்தவரை தை அமாவாசை தவறாமல் கோடிக்கரைக்குப் போவார். கடலில் முழுகி, பெரியவர்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு, திரும்பும் வழியில் காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்திக் குரங்குகளுக்குப் பழம் போடுவார். அத்தையும் கூடப் போவார். மாமா தவறிப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்தத் தை பிறந்ததிலிருந்து, "ஒரு எட்டு போய்ட்டு வந்துடலாம்மா" என்று என்னிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டார். மகனிடம் சொல்லவில்லை, மருமகளிடம் சொன்னால் போதும், மகனுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்பது அவர் கணக்கு.

அமாவாசைக் கூட்டத்தில் ஒன்பது வயசுப் பெண்ணையும் நாலு வயசுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போக எனக்குத் தைரியமில்லை. ஒரு வாரம் கழித்துப் போனோம். தஞ்சாவூரிலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக மாலையில் வேதாரண்யம். ரயிலில் வருகிறவர்களுக்கும் இப்போது வழி இருக்கிறது. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரை அகல ரயில் பாதை 2023-ல் திறந்தாகிவிட்டது. வந்த அன்று இரவே வேதாரண்யேசுவரரைத் தரிசித்தோம். அப்பர் பாடத் திறந்து, சம்பந்தர் பாட மூடிக்கொண்ட கதவின் கதையை அத்தை பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல, சின்னவன், "திறந்ததை ஏன் அப்பாயி மறுபடி மூடணும்?" என்று கேட்டான். அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

சரி, கோடிக்கரை எங்கே இருக்கிறது? தமிழ்நாட்டுப் படத்தை எடுத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து நேராகத் தெற்கே இறங்கி வருகிற கடற்கரை, ஓர் இடத்தில் முழங்கையை மடக்கினாற்போல் சட்டென்று மேற்கே திரும்பும். அந்த முழங்கைதான் கோடிக்கரை. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை. 'பொன்னியின் செல்வ'னைப் படித்தவர்களுக்குப் பூங்குழலியின் ஊர் என்றால் போதும். நானும் பள்ளி நாட்களில் பாடப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்தவள்தான். ஆனால் பூங்குழலி ஓடித் திரிந்த அந்தக் காட்டில் இன்றைக்கும் மான் ஓடுகிறது, நரி ஊளையிடுகிறது, பனிக்காலத்தில் லட்சக்கணக்கில் பறவைகள் வந்து இறங்குகின்றன என்பதெல்லாம் கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்த பிறகுதான் தெரிந்தது. 1967-ல் இதை வனவிலங்கு சரணாலயம் ஆக்கினார்கள். 2002-ல் உலக அளவில் காக்க வேண்டிய சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது.

வேதாரண்யத்திலிருந்து பதினோரு கிலோ மீட்டர்தான். ஐந்தரைக்குக் கிளம்பினோம். இருட்டில் அகஸ்தியம்பள்ளி உப்பளங்கள் கண்ணாடி விரித்தாற்போல் கிடந்தன. 1930-ஆம் வருஷம் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்தே வந்து, ஏப்ரல் 30-ஆம் தேதி உப்பு அள்ளியது இங்கேதான். "நடந்தேவா? திருச்சியிலேருந்தா?" என்று மகள் வாயைப் பிளந்தாள். பள்ளிக்கூடப் பேருந்து ஐந்து நிமிஷம் தாமதமானால் கால் வலிக்கிறது என்று சொல்கிற பெண் அவள்.

கோடியக்காடு சோதனைச் சாவடியில் நுழைவுச் சீட்டு வாங்கியதும் வழிகாட்டி ஒருவர் எங்கள் வேனில் ஏறிக்கொண்டார். ஐம்பது வயசிருக்கும். பக்கத்து ஊர்க்காரர். சிறு வயசில் இந்தக் காட்டில் பாலைப் பழம் பொறுக்கித் தின்று வளர்ந்தவராம். ஏறியதும் அவர் கண்ணில் முதலில் பட்டது அத்தையின் கூடைதான்.

"பாட்டியம்மா, இது எல்லாம் உங்களுக்குச் சாப்பிடவா?"

"இல்ல தம்பி. குரங்குக்கு."

"கொடுக்கக் கூடாதுங்க. உள்ள எதுக்குமே தீனி போடக் கூடாது."

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். ஆனாலும் அத்தையின் முகம் சுருங்கிப் போயிற்று. "வாயில்லா ஜீவனுக்கு ஒரு பழம் போடறது குத்தமாப்பா? எங்க வீட்டுக்காரர் வருஷா வருஷம் போடுவாரு" என்றார். குரல் லேசாக உடைந்தது. என் கணவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். இந்த மாதிரி சமயங்களில் ஆண்களுக்கு எப்படியோ சன்னல் கிடைத்துவிடுகிறது! உண்மையைச் சொன்னால், தீனி போடக் கூடாது என்று எனக்கு முன்பே தெரியும். படித்திருக்கிறேன். ஆனால் முந்தின நாள் அத்தை அடுப்படியில் நின்று, "அவருக்குப் பிடிச்ச மாதிரி" என்று சொல்லிக்கொண்டே புளிச்சாதம் கிளறும்போது, மருமகள் எப்படி வாயைத் திறப்பாள்? வழிகாட்டி பேசாமல் கூடையை வாங்கி, பின் சீட்டுக்கு அடியில் வைத்து, மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடினார். அத்தை அதற்கப்புறம் ஒரு மணி நேரம் யாரோடும் பேசவில்லை.

காட்டுக்குள் நுழைந்ததும் டிரைவரிடம், "ஆரன் அடிக்காதீங்க, மெதுவா உருட்டிக்கிட்டே போங்க" என்றார் அவர். சின்னவன் சிங்கத்தைக் காட்டச் சொன்னான். சிங்கம் இல்லை என்று தெரிந்ததும் புலி. புலியும் இல்லை என்றதும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு என் மடியில் சாய்ந்துவிட்டான். இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளை இப்படி ஓர் இடத்துக்குக் கூட்டிப் போகும் முன்னால், அங்கே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று வீட்டிலேயே சொல்லி வைப்பது நல்லது. நான் சொல்லவில்லை, பாதி வழி பட்டேன்.

காடு என்றால் குற்றாலம், முதுமலை மாதிரி ஓங்கி உயர்ந்த மரங்களை நினைக்காதீர்கள். குட்டை குட்டையாக, நெருக்கமாக, வருஷம் முழுக்கப் பச்சை மாறாத இலைகளோடு நிற்கிற மரங்கள். பாலை மரம்தான் அதிகம். மூலிகைகளுக்குப் பேர் போன காடு. நடுநடுவே அடியோடு சாய்ந்து வெளுத்துப்போன மரங்களும் கிடந்தன. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரையைக் கடந்தது இந்தப் பக்கம்தான். "அன்னிக்கு ராத்திரி இந்தக் காடு அழுத சத்தத்தை ஊருக்குள்ள இருந்தே கேட்டோம்" என்றார் வழிகாட்டி. மான்களும் குதிரைகளும் நிறையச் செத்துப் போயினவாம்.

மரங்கள் விலகி ஒரு பெரிய புல்வெளி வந்தது. வண்டியை நிறுத்தச் சொன்னார். இன்னும் பனி விலகவில்லை. ஒன்றும் தெரியவில்லை. "பேசாம இருங்க. கண்ணு பழகட்டும்." ஒரு நிமிஷம்... இரண்டு நிமிஷம்... திடீரென்று பார்த்தால் எதிரே இருபது முப்பது மான்கள்! அதுவரை அங்கேதான் இருந்திருக்கின்றன. எங்கள் கண்ணுக்குத்தான் படவில்லை.

இவைதான் வெளிமான்கள். இவற்றுக்காகத்தான் சரணாலயமே ஏற்பட்டது. புள்ளிமானை எல்லாரும் பார்த்திருப்போம். வெளிமான் அழகே தனி. பெண் மான் இளம் பழுப்பு, பெரும்பாலும் கொம்பு இருக்காது. வளர்ந்த ஆண் மானுக்கு முதுகெல்லாம் கறுப்பு, வயிறு வெள்ளை, கண்ணைச் சுற்றி மை தீட்டியதற்கு எதிர்மாறாக வெள்ளை வளையம், தலையில் முறுக்குப் பிழிந்தாற்போல் நீளமாகத் திருகிய இரண்டு கொம்பு. "இதைத்தான் கிருஷ்ண மிருகம்னு சொல்லுவாங்க. ரிஷிங்க உக்காருற தோல்" என்று அத்தை மெல்லிய குரலில் மகளிடம் சொன்னார். மௌன விரதம் கலைந்ததில் எனக்கு நிம்மதி.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் மான் மட்டும் மேயாமல், தனியாக நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. வழிகாட்டி எங்களைச் சற்றுப் பின்னால் தள்ளி வரச் சொன்னார். "குட்டி போட்டிருக்கும். எங்கயோ புல்லுக்குள்ள படுக்க வச்சிருக்கு."

வெளிமான் குட்டி பிறந்த முதல் சில நாட்கள் தாயோடு ஓடாதாம். தாய் அதைப் புல்லில் படுக்க வைத்துவிட்டு, தள்ளிப் போய் மேயும். குட்டி அசையாமல் படுத்திருக்கும். நரி மோப்பம் பிடிக்காமல் இருக்கத் தாய் பக்கத்திலேயே நிற்காது. பால் கொடுக்கும் நேரத்துக்கு மட்டும் வந்து போகும். விஷயம் தெரியாத ஜனங்கள், ஐயோ பாவம், தாயில்லாத குட்டி என்று தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்களாம். அதற்கப்புறம் அதைப் பிழைக்க வைப்பது பெரிய பாடு. "தாய் இல்லாம இல்லீங்க. தாய் பார்த்துக்கிட்டேதான் இருக்கும். நம்ம கண்ணுக்குத்தான் தெரியாது."

பால்குடி மறக்காத பிள்ளையைத் தாயிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த என் நாட்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. அதை அங்கே யாரிடமும் சொல்லவில்லை.

அப்போது எதற்கோ மிரண்டு கூட்டம் ஓட ஆரம்பித்தது. ஓட்டமா அது! நாலு காலும் ஒன்றாகத் தரையை விட்டு எழும்பி, ஒரு ஆள் உயரம் துள்ளி, விழுந்து, மறுபடி துள்ளி... மணிக்கு எழுபது, எண்பது கிலோ மீட்டர் வேகத்தில்கூட இவை ஓடுமாம். மடியில் தூங்கிக்கொண்டிருந்த சின்னவன் எழுந்து, "அம்மா, ஸ்பிரிங்கு! ஸ்பிரிங்கு மானு!" என்று கத்தினான். சிங்கத்தை அதோடு மறந்தான்.

குதிரைகளையும் பார்த்தோம். காட்டுக்குள் குதிரையா என்று ஆச்சரியமாக இருந்தது. மட்டக் குதிரைகள். ஒரு காலத்தில் ஊரில் வளர்த்தவை, உபயோகம் போனதும் அவிழ்த்து விட்டுவிட்டார்கள், பெருகிவிட்டன என்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் சீமைக் கருவேலங்காயைத் தின்று, போகிற இடமெல்லாம் சாணத்தோடு விதையைப் போட்டுவிடுகின்றன. அது முளைத்துப் புல்வெளியை மூடிக்கொண்டு வருகிறது. மூடினால் வெளிமான் எங்கே மேயும்? எல்லாம் ஒன்றையொன்று பற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

அடுத்தது ராமர் பாதம். இந்தத் தட்டையான பூமியில் கொஞ்சம் மேடான ஒரே இடம் என்று சொல்லலாம். ராமபிரான் இங்கே நின்று இலங்கையைப் பார்த்தார், கோட்டையின் பின்புறம் தெரிந்ததால் பின்னாலிருந்து தாக்குவது வீரனுக்கு அழகல்ல என்று ராமேசுவரத்துக்குப் போய்விட்டார் என்பது ஐதீகம். மேலே சிறு மண்டபம், கல்லில் இரண்டு பாதங்கள். அத்தை கீழேயே செருப்பைக் கழற்றிவிட்டார். நான் தடுத்திருக்க வேண்டும். அவருக்குச் சர்க்கரை வியாதி. பத்தடி போவதற்குள் கருவேல முள் ஏறிவிட்டது.

இந்த இடத்தில் நம் பத்திரிகைக்கே உரிய ஒரு வார்த்தை. சர்க்கரை உள்ளவர்களின் காலில் முள் ஏறினால் ஊக்கு, ஊசி வைத்துக் குடையாதீர்கள். மேலாகத் தெரிந்தால் சுத்தமான இடுக்கியால் எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் மூடுங்கள். உள்ளே ஒடிந்திருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போய்விட வேண்டும். வலி தெரியவில்லை என்று விட்டுவிடக் கூடாது. வலி தெரியாததுதான் அந்த வியாதியின் ஆபத்தே. நல்ல வேளை, அத்தைக்கு ஏறியது மேலாக இருந்தது. ராமர் தரிசனத்தைச் செருப்போடு செய்ய அவர் சம்மதிக்கவில்லை. காலுறை போட்டுக்கொள்ள மட்டும் சம்மதித்தார். அதுவும் மகனுடைய காலுறை! பேரப்பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் அவரும் சிரித்துவிட்டார்.

எட்டரை மணிக்கு மர நிழலில் டிபன். இட்லியில் மிளகாய்ப்பொடி தடவி எடுத்துப் போயிருந்தேன். பிளாஸ்க்கில் காப்பி. உள்ளே கடை கண்ணி எதுவும் கிடையாது. தண்ணீரையும் நிறையக் கொண்டு போங்கள். பெண்களுக்குக் கழிப்பிட வசதியும் நம்பிக்கையாக இல்லை. கிளம்பும் முன்பே போய்விட்டு வந்துவிடுவது உத்தமம். இதையெல்லாம் எந்தச் சுற்றுலாப் புத்தகத்திலும் எழுதுவதில்லை. அவற்றை எழுதுகிறவர்கள் குழந்தைகளோடு போகிறதில்லை போலும்.

அங்கிருந்து முனியப்பன் ஏரிப் பக்கம். ஏரி என்றாலும் கடலோரத்துச் சேற்று நீர்தான். கரையில் இறங்கி நடந்தோம். தூரத்தில், நீரும் வானமும் சேருகிற இடத்தில், யாரோ ரோஸ் கலர் சேலையை உலர்த்தப் போட்டது போல நீளமாக ஒரு கோடு. என்னவர் நண்பரிடம் இரவல் வாங்கி வந்த பைனாகுலரை மகள் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "அப்பா, சேலை நடக்குது!" என்றாள்.

பூநாரைகள்! நூறா, ஆயிரமா, எண்ண முடியவில்லை. குச்சி குச்சியாகக் கால்கள், பாம்பு போல் வளைந்த கழுத்து, நடுவில் ஒடிந்தது போன்ற அலகு. அந்த அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் கவிழ்த்து, நாம் மாவு சலிக்கிற மாதிரி சேற்று நீரைச் சலித்து, உள்ளே இருக்கிற சின்னஞ்சிறு இறால்களையும் பாசியையும் தின்கின்றன. அந்த ரோஸ் நிறமே இந்தச் சாப்பாட்டில் இருந்து வருவதுதானாம். குஞ்சு பொரிக்கும்போது சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். "சாப்பாடு நிறம் கொடுக்கும்னு நான் சொன்னா நம்புனியா?" என்று காரட்டைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிற மகளைக் கேட்டேன். "நான் என்ன நாரையா?" என்றாள்.

இங்கே இவை சாப்பிட வருவதோடு சரி. முட்டையிடுவது குஜராத்தில் கட்ச் உப்பு வெளியில். சேற்றைக் குவித்து மேடை கட்டி, ஒரே ஒரு முட்டை. குஞ்சு பொரித்ததும் தாய், தகப்பன் இரண்டு பேர் தொண்டையிலும் பால் மாதிரி ஒன்று சுரக்கும். சிவப்பாக இருக்குமாம். அதைச் சொட்டுச் சொட்டாகக் குஞ்சின் வாயில் விடும். குஞ்சுக்கு ஊட்டி ஊட்டிப் பெற்றவர்களின் ரோஸ் நிறம் வெளிறிப் போய்விடுவதும் உண்டு.

"தகப்பனும் பால் குடுக்குமா?" அத்தை கேட்டார்.

"ஆமாங்க பாட்டியம்மா. ரெண்டும் முறை போட்டுக் கொடுக்கும்."

அத்தை தன் மகனை ஒரு பார்வை பார்த்தார். அவர் பைனாகுலரை வாங்கிக்கொண்டு வெகு தூரத்தில் எதையோ வெகு கவனமாகப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

பூநாரையை எல்லாரும் பார்ப்பார்கள். வழிகாட்டி காட்டியது எங்கள் காலடிக்கு இருபது அடி தள்ளி, சேற்றில் பொடிப் பொடியாக ஓடிக்கொண்டிருந்த குருவிகளை. கொசு உள்ளான் என்று பேர். பேருக்கேற்ற உருவம். எடை இருபது, முப்பது கிராம்தான். நம் அஞ்சறைப் பெட்டிக் கரண்டியால் ஐந்தாறு கரண்டி சர்க்கரை எடை. இது ஆர்க்டிக் பனிப் பிரதேசத்தில், சைபீரியப் பக்கம் பொரித்து, குளிர் வந்ததும் அங்கிருந்து பறந்து நம் கோடிக்கரைக்கு வருகிறது. எந்தப் பறவை எங்கிருந்து வருகிறது, மறு வருஷமும் வருகிறதா என்றெல்லாம் தெரிந்துகொள்ள, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இங்கே பல வருஷங்களாகப் பறவைகளைப் பிடித்து, காலில் சின்ன வளையம் மாட்டி, திரும்பப் பறக்க விடுகிறார்கள். பறவை மனிதர் டாக்டர் சாலிம் அலி இந்த ஊருக்கு வந்து இருந்து ஆராய்ந்திருக்கிறார். மகள் தன் நோட்டில் 'கொசு உள்ளான்' என்று எழுதிக்கொண்டாள். பக்கத்தில் ஆலா, கரண்டிவாயன், கடல் காகம் என்று வரிசை போய்க்கொண்டிருந்தது.

வெயில் ஏறிவிட்டது. கடற்கரைக்குப் போனோம். பனிக்கால மீன்பிடிப்புக்கு வேறு ஊர்களிலிருந்து மீனவர்கள் இங்கே வந்து, குடிசை போட்டுத் தங்குவார்கள். கருவாட்டு வாசனை. அத்தை காலை நனைத்து, இரு கையாலும் நீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். மாமா நின்று கொடுக்கும் இடம் அதுதான் போலும். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். நாங்கள் யாரும் கூப்பிடவில்லை. சோழர் காலத்தது என்று சொல்லும் பழைய கலங்கரை விளக்கம் ஒன்று இந்தக் கரையில் மிச்சம் இருந்தது. 2004 சுனாமியில் அதுவும் விழுந்துவிட்டது. செங்கல் குவியலைத்தான் பார்த்தோம்.

பதினொரு மணிக்குத் திரும்பினோம். ஊரைத் தாண்டிக் காட்டுச் சாலையில் ஏறியதுமே குரங்குகள் வந்துவிட்டன. ஒன்றிரண்டு இல்லை, நாற்பது ஐம்பது. வண்டிச் சத்தம் கேட்டதும் இரண்டு பக்க மரங்களிலிருந்தும் இறங்கி, சாலை நடுவில் உட்கார்ந்துகொண்டன. குட்டிகளை வயிற்றில் ஒட்டிக்கொண்ட தாய்க் குரங்குகள். "கண்ணாடியை ஏத்துங்க" என்று அவர் சொல்வதற்குள் ஒரு தடியன் சன்னலில் தாவி ஏறி, சின்னவன் கையிலிருந்த பிஸ்கட்டைப் பறித்துக்கொண்டு போய்விட்டது. பிள்ளை வீறிட்டான். நகம் படவில்லை, என் உயிர்தான் போய் வந்தது.

படாமல் போனது அதிர்ஷ்டம். பட்டிருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். குரங்கு கடித்தாலும் பிறாண்டினாலும், காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் அப்பக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடிக்குப் போடும் அதே ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டும். சின்னக் கீறல்தானே என்று விடுவது சரியில்லை.

வண்டி ஊர்ந்து போயிற்று. ஒரு குரங்குக்கு முன் கை ஒன்று மணிக்கட்டோடு இல்லை. அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டியில அடிபட்டதுங்க" என்றார் வழிகாட்டி. "காட்டுல அதுங்களுக்குத் தீனிக்குக் குறைச்சல் இல்ல. பழம் இருக்கு, தளிர் இருக்கு, பூச்சி இருக்கு. ஆனா ரோட்டுல உக்காந்தா சும்மா கிடைக்குதே! போன வருஷம் ஒரு தாய் இங்கதான் அடிபட்டுச் செத்துச்சு. குட்டி அதோட மாரைவிட்டு வரமாட்டேன்னுட்டுது. ரெண்டு நாளு."

வேனில் சத்தமே இல்லை. ரொம்ப நேரம் கழித்து அத்தை கேட்டார்: "அப்ப எங்க வீட்டுக்காரரு இருபது வருஷம் போட்டாரே... அது பாவமாப்பா?"

எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அந்த மனிதர் என்ன சொல்லப் போகிறாரோ! அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "அவரு நல்ல மனசுலதான் போட்டிருப்பாரு பாட்டியம்மா. அப்ப நாங்களும் போட்டவங்கதான். இப்பதான் தெரிஞ்சுக்கிட்டோம்."

அத்தை தலையை ஆட்டினார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. சோதனைச் சாவடியில் வழிகாட்டி இறங்கும்போது, சாக்கை விலக்கி, புளிச்சாதப் பொட்டலத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "இது மனுசருக்குப் போடலாம்ல?" என்றார். அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

பழம் மிச்சம் இருந்தது. அகஸ்தியம்பள்ளி வந்ததும், "கொஞ்சம் நிறுத்தச் சொல்லும்மா" என்றார் அத்தை. உப்பளத்தில் பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். மழைக்குப் பிறகு பாத்திகளைச் சரி செய்து மிதித்துக் கெட்டிப்படுத்துகிற காலம். தலையில் துண்டு, முழங்கால் வரை சேறு, கண்ணைக் கூச வைக்கும் வெயில். அத்தை மகனுடைய காலுறையோடேயே இறங்கி, வரப்பில் நடந்து போய்ப் பழங்களைக் கொடுத்தார். ஒருத்தி அங்கேயே உரித்துத் தின்றாள். இன்னொருத்தி மூன்றை மடியில் கட்டிக்கொண்டாள். "பள்ளிக்கூடம் விட்டு வரும் பாட்டி, பசியோட" என்றாள்.

கீற்று போட்டு மூடியிருந்த போன வருஷத்து உப்புக் குவியலிலிருந்து அவளே இரண்டு கை கல் உப்பை அள்ளிக்கொண்டு வந்து நீட்டினாள். உப்பைக் கைக்குக் கை வாங்கக் கூடாது, சண்டை வரும் என்பார்களே! அத்தை சட்டென்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு முந்தானையை விரித்தார். அவள் சிரித்தபடி அதில் கொட்டினாள்.

அந்த உப்பு என் வீட்டுச் சாடியில் இருக்கிறது. மாசி மாதம் மாவடு வந்ததும் அதில்தான் போட வேண்டும் என்பது அத்தையின் உத்தரவு.